யூரியோப்ஸ் என்று சொல்லி வெடேலியாவை அனுப்பிவிட்டார்கள். ஆன்லைனில் செடி வாங்குகிறவர்கள் கொஞ்சம் படியுங்கள்

ஆத்திரம் அடங்காமல்தான் எழுதுகிறேன். என் மாதச் சம்பளத்தில் கால்வாசி போய்விட்டது. ஏமாறாமல் செடி வாங்குவது எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

யூரியோப்ஸ் பெக்டினேட்டஸ் என்று ஒரு புதர்ச்செடி. சூரியகாந்திக் குடும்பம், சொந்த ஊர் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி. இடுப்பு உயரத்துக்குக் குறையாமல் வளரும். இலை சாம்பல் பூத்து, தொட்டால் மெத்தென்று, சீப்புப் பல் மாதிரி வெட்டுப்பட்டிருக்கும். பெக்டினேட்டஸ் என்ற லத்தீன் சொல்லுக்கே சீப்புப் போன்றது என்றுதான் பொருள். அந்தச் சாம்பல் இலைக்கு மேலே நீளக் காம்பில் மஞ்சள் பூ நிற்கும். மதில் ஓரமாக நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில் 12 செடியை வரிசையாக வைக்க வேண்டும் என்பது என் இரண்டு வருட ஆசை.

சமூக வலைத்தளத்தில் செடி விற்கும் ஒரு பக்கத்தில் விசாரித்தேன். விலையைச் சொல்வதற்கு முன்னாலேயே அந்த ஆள், "அக்கா, உங்க மண்ணுல தண்ணி தேங்குமா? தேங்கினா இது வேர் அழுகிப் போயிடும், மேட்டுப்பாத்தி போட்டுத்தான் வைக்கணும்" என்றார். அந்த ஒரு கேள்வியில்தான் விழுந்தேன். விற்றால் போதும் என்று நினைக்கிறவர் இதையெல்லாம் கேட்பாரா? சாம்பல் இலையைக் கையால் கோதிக் காட்டும் வீடியோவும் வந்தது. முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பினேன். சம்பளத்தில் கால்வாசி.

ஒன்பது நாள் கழித்துப் பெட்டி வந்தது. ஈரத் தாளில் சுருட்டிய 12 நாற்று. இலை பளபளவென்று பச்சை, நுனிப்பக்கம் மூன்று மடலாகப் பிரிந்திருந்தது. தண்டு நிற்காமல் சாய்ந்து கிடந்தது, கணுவுக்குக் கணு வெள்ளை வேர்.

படம் எடுத்து அனுப்பினேன். "சின்ன செடி அக்கா, வளர வளர சாம்பல் நிறம் வரும்" என்றார். சரி என்று நட்டேன். மூன்று வாரத்தில் பாத்தி முழுக்கப் படர்ந்து, போகிற வழியெல்லாம் வேர் பிடித்தது. மறுபடி கேட்டால், "இது பச்சை ரகம் அக்கா." பச்சை இலை ரகம் ஒன்று நிஜமாகவே இருக்கிறது, விரிடிஸ் என்பார்கள். ஆனால் அதற்கும் இலை சீப்பு மாதிரிதான் இருக்கும், அதுவும் நிமிர்ந்து நிற்கும் புதர்தான். இதைச் சொன்னதும் பேச்சு மாறியது: "கூரியர்ல போனதுக்கு நாங்க பொறுப்பில்லை." அப்புறம், "ஓனர் ஊர்ல இல்லை." நேற்று என் எண்ணையே பிளாக் செய்துவிட்டார்கள்.

வந்தது வெடேலியா. நம் மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு நெருங்கிய சொந்தம், இதுவும் சூரியகாந்திக் குடும்பம், இதுவும் மஞ்சள் பூ. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் வெளியிட்ட பட்டியலில் இருக்கும் கொடி. ஒரு துண்டுத் தண்டு மண்ணில் கிடந்தாலே துளிர்த்துவிடும். சம்பளத்தில் கால்வாசியைக் கொடுத்து இதை என் தோட்டத்துக்குள் நானே விட்டிருக்கிறேன் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது.

விரிவாக எழுத இப்போது மனசு இல்லை. அவசரமாக இவ்வளவுதான்: பூப்படத்தைப் பார்த்து வாங்காதீர்கள், இந்தக் குடும்பத்தில் மஞ்சள் பூவுக்குப் பஞ்சமே இல்லை. உங்களுக்கு வரப்போகும் அதே நாற்றின் இலையையும் தண்டையும், அன்றைய தேதி எழுதிய தாளோடு படம் கேளுங்கள். முழுப் பணத்தை முன்னால் தராதீர்கள். பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள், நான் எடுக்கவில்லை. இலை ஒத்துவரவில்லை என்றால் யார் என்ன சமாதானம் சொன்னாலும் மண்ணில் வைக்காதீர்கள், தொட்டியிலேயே இருக்கட்டும்.

இன்று காலை ஒரு சாக்கு நிறையப் பிடுங்கினேன். மதிலின் அடிக்கல்லுக்குள் புகுந்தது இன்னும் வரவில்லை.