டொமைன் மாறியதும் முரண்டுபிடிக்கும் பிளகின் உரிமம்: எந்த வழி நல்லது?

தளத்தின் டொமைனை, அதாவது இணைய முகவரிப் பெயரை, மாற்றியவர்களுக்கு இது தெரிந்த தொல்லைதான். பக்கங்கள் திறக்கின்றன, படங்கள் வருகின்றன, படிவங்கள் வேலை செய்கின்றன. நிர்வாகப் பகுதிக்குள் நுழைந்தால் மட்டும், காசு கொடுத்து வாங்கிய பிளகின்கள் (தளத்தில் கூடுதல் வசதி சேர்க்கும் நிரல்கள்) ஒவ்வொன்றாக உரிமம் பொருந்தவில்லை என்று எச்சரிக்கின்றன. அண்மையில், தளங்களை அமைத்து நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடும் ஒரு தளத்தைப் புதிய முகவரிக்கு மாற்றியபோது, இதற்கு உள்ள வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் தேர்ந்தது, விற்பனையாளரின் தளத்தில் உள்ள கணக்குப் பக்கத்திலிருந்து பழைய டொமைனை விடுவித்துவிட்டு, புதிய தளத்தில் உரிமத்தை மறுபடி இயக்கும் வழி.

உரிமம் எப்படிச் சரிபார்க்கப்படுகிறது என்பது தெரிந்தால் மற்றவை எளிது. உரிமக் குறியீட்டை இட்டு இயக்கியதும், பிளகின் அந்தக் குறியீட்டையும் தளத்தின் முகவரியையும் விற்பனையாளரின் சர்வருக்கு அனுப்புகிறது. அங்கே முகவரி பதிவாகிறது. உரிமம் எத்தனை தளங்களுக்கு வாங்கப்பட்டதோ, அந்த எண்ணிக்கையில் ஓர் இடம் குறைகிறது. ‘செல்லும்’ என்ற பதில் நம் தரவுத்தளத்தில் சேமிக்கப்படுகிறது. ஆக, ஒரே உரிமத்துக்கு இரண்டு இடங்களில் பதிவு. டொமைன் மாறும்போது நம் பக்கத்துப் பதிவு தளத்தோடு நகர்ந்துவிடுகிறது. அவர்கள் பக்கத்துப் பதிவு பழைய முகவரியிலேயே நின்றுவிடுகிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. தரவுத்தளம் முழுக்கப் பழைய முகவரியைத் தேடிப் புதியதை இடும்போது, உரிம விவரத்துக்குள் இருக்கும் முகவரியும் சேர்ந்து மாறிவிடலாம். அப்போது பிளகினின் அமைப்புப் பக்கம் எந்தக் குறையும் சொல்லாது; அடுத்த பதிப்பைப் பதிவிறக்கும்போதுதான் அனுமதி மறுக்கப்படும். பச்சை நிறத்தில் ‘இயங்குகிறது’ என்று காட்டுவதை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஒரு புதுப்பிப்பு உண்மையிலேயே இறங்குகிறதா என்று பார்த்துவிடுவதே சரியான சோதனை.

முதல் வழி, பழைய தளத்தின் நிர்வாகப் பகுதியிலேயே உரிமத்தை நிறுத்துவது. பெரும்பாலான வழிகாட்டிகள் இதைத்தான் சொல்கின்றன. தளம் இன்னும் பழைய முகவரியில் ஓடிக்கொண்டிருந்தால் இது போதும். மாற்றம் முடிந்த பிறகு பல பிளகின்களில் இது பலிக்காது. நிறுத்தும் கோரிக்கை புதிய முகவரியோடு போகிறது. அப்படி ஒரு முகவரியே பதிவில் இல்லையென்று சர்வர் திருப்பிவிடுகிறது. பழைய முகவரி பிடித்த இடம் அப்படியே கிடக்கிறது. எலிமென்டர் ப்ரோ போன்றவை முகவரி மாறியதைக் கண்டுகொண்டு, உரிமத்தை நிறுத்தி மறுபடி இயக்குமாறு அவையே சொல்கின்றன. விற்பனையையும் உரிமத்தையும் கவனிக்கும் ஃப்ரீமியஸ் அமைப்பைப் பயன்படுத்தும் பிளகின்கள் இன்னும் ஒரு படி மேலே போய், இது தளத்தின் புதிய இருப்பிடமா, தற்காலிக நகலா என்று கேட்கின்றன. அந்தக் கேள்வி வந்தால் அவசரத்தில் மூடிவிடாமல் பதில் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது, உரிமக் குறியீட்டைத் தரவுத்தளத்துக்கு வெளியே, வேர்ட்பிரஸின் அமைப்புக் கோப்பான டபிள்யூபி-கான்ஃபிக்கில் மாறிலியாக (மாறாத மதிப்பாக) எழுதிவைப்பது. ஏ.சி.எஃப். ப்ரோ, கிராவிட்டி ஃபார்ம்ஸ் ஆகிய இரு பிளகின்களிலும் இந்த வசதி உண்டு. சோதனைத் தளமும் நேரடித் தளமும் தனித்தனிக் கோப்புகளோடு ஓடும் இடங்களில் இது மிகவும் நேர்த்தியானது. தரவுத்தளத்தை எத்தனை முறை நகலெடுத்தாலும் குறியீடு தடம் மாறாது. ஆனால் எல்லா பிளகின்களும் இதற்கு இடம்தருவதில்லை. சர்வரில் நிற்கும் பழைய பதிவையும் இது மட்டும் நீக்கிவிடும் என்று நம்ப முடியாது. நான் இதைச் சில பிளகின்களோடு மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன். ஒரே நிறுவலில் பல தளங்கள் ஓடும் மல்டிசைட் அமைப்பில் செய்து பார்த்ததில்லை.

மூன்றாவது, வரம்பில்லாத் தளங்களுக்கான உரிமத்துக்கு மாறுவது. பல தளங்களை நடத்துபவருக்குச் சரி. ஒரே தளத்தின் டொமைனை மாற்றுபவருக்கு இது பணவிரயம் என்பது என் உறுதியான எண்ணம். எண்ணிக்கைத் தடை நீங்குமே தவிர, முகவரிப் பொருத்தம் தானாக வந்துவிடாது. புதிய முகவரியில் மறுபடி இயக்கத்தான் வேண்டும். ஆண்டுச் சந்தாவாக விற்கப்படும் பிளகின் என்றால், ஒரு நாள் வேலைக்காக ஆண்டுதோறும் கூடுதல் தொகை கட்டுகிறோம்.

உரிமச் சோதனையை நீக்கிப் பிறர் பரப்பும் பூட்டுடைத்த பிரதிகளை ஒப்பீட்டில் சேர்க்கவே மாட்டேன். நிரலைப் பகிர அனுமதிக்கும் ஜி.பி.எல். உரிமத்தில் வேர்ட்பிரஸ் வருவதால் பிளகின் நிரலைப் பகிர்வதற்குச் சட்ட இடம் இருக்கலாம். ஆனால் யாரோ கைவைத்த கோப்பில் வேறென்ன நுழைந்திருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை.

இனி, நான் தேர்ந்த வழி. கணக்குப் பக்கத்தில் உரிமத்தின் கீழே அது இயங்கும் முகவரிகள் பட்டியலாக இருக்கும். பழையதன் அருகே நீக்கும் பொத்தான் இருக்கும். பழைய தளம் உயிரோடு இருக்கிறதா, அதன் நிர்வாகக் கடவுச்சொல் நம்மிடம் உண்டா என்பதெல்லாம் இங்கே தேவையில்லை. மறந்துபோன சோதனைத் தளங்களும் அதே பட்டியலில் கண்ணில் படும். அவற்றையும் கையோடு நீக்கிவிடலாம். பிறகு புதிய தளத்தில் குறியீட்டை இட்டு இயக்கினால் இரு பக்கமும் ஒத்துப்போகின்றன. அதன் பிறகும் பழைய எச்சரிக்கையே வந்தால், தற்காலிகமாகச் சேமித்த பதிலைத்தான் பிளகின் படித்துக்கொண்டிருக்கும். டிரான்சியன்ட் எனப்படும் அந்தத் தற்காலிகப் பதிவுகளையும் கேஷையும் காலிசெய்தால் பெரும்பாலும் தீரும். சில விற்பனையாளர்கள் முகவரியின் முன்னால் வரும் மூன்று டபிள்யூ இருப்பதையும் இல்லாததையும் வேறு வேறாகக் கணக்கிடுகிறார்கள். எனவே தளத்தின் இறுதி முகவரி எது என்று முடிவுசெய்த பிறகே இயக்க வேண்டும்.

ஆனால் இந்த வழி பலிப்பதும் பலிக்காததும் ஒரே ஒரு விஷயத்தில் நிற்கிறது: அந்தக் கணக்கு யார் கையில் இருக்கிறது? நான் எல்லாவற்றையும்விட இதைத்தான் முக்கியமாகக் கருதுகிறேன். தளத்தை அமைத்துக் கொடுத்தவரே தம் பெயரில் பிளகினை வாங்கிப் போட்டிருந்தால், பட்டியல் அவர் கணக்கில் இருக்கும். நம்மால் ஒரு முகவரியைக்கூட நீக்க முடியாது. இரண்டாவது சிக்கல் இன்னும் நுட்பமானது. பலர் விற்பனையாளரிடம் கணக்குத் தொடங்கும்போது தளத்தின் டொமைனிலேயே உள்ள மின்னஞ்சலைக் கொடுத்திருப்பார்கள். டொமைனைக் கைவிட்டதும் அந்த மின்னஞ்சலும் போய்விடும். கடவுச்சொல்லை மாற்றக் கோரினால் கடிதம் வந்துசேர இடமில்லை. அந்த டொமைனை நாளை வேறொருவர் பதிவுசெய்தால், அதே மின்னஞ்சல் முகவரியை உருவாக்கிக் கடவுச்சொல் மாற்றும் கடிதத்தை அவரே பெற்றுக்கொள்ள முடியும். உரிமங்கள், ரசீதுகள், புதுப்பிப்பு அறிவிப்புகள் எல்லாம் அவர் பக்கம் போய்விடும்.

ஆகவே டொமைனைத் தொடுவதற்கு முன்பே ஒவ்வொரு விற்பனையாளர் கணக்கின் மின்னஞ்சலையும் தளத்தோடு தொடர்பில்லாத, நிலையான ஒன்றுக்கு மாற்றிவிட வேண்டும். வேறொருவர் பெயரில் உரிமம் இருந்தால், மாற்றம் நடக்கும் அன்று அவர் உடனிருக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அல்லது நம் பெயரிலேயே புதிதாக வாங்கிவிடுவது மேல். பழைய டொமைனையும் உடனே காலாவதியாக விடாதீர்கள். பழைய முகவரிக்கு வருபவர்களைப் புதியதற்கு அனுப்பும் வழிமாற்றத்துக்காக எப்படியும் அதைச் சில காலம் வைத்திருக்கத்தான் போகிறோம். மின்னஞ்சலும் அதுவரை ஓடட்டும்.

கணக்குப் பக்கமே இல்லாத விற்பனையாளர்களும் உண்டு. பல ஆக்குநர்களின் பிளகின்களை விற்கும் கோட்கேன்யன் போன்ற சந்தைகளில் வாங்கிய பிளகின்களில், கொள்முதல் குறியீட்டை எந்த முகவரியோடு பிணைப்பது என்பது அந்தந்த ஆக்குநரின் ஏற்பாடு. விடுவிக்கும் வசதியை அவர் தரவில்லையென்றால் உதவிப் பிரிவுக்கு எழுதுவதைத் தவிர வழியில்லை. கொள்முதல் குறியீடு, பழைய முகவரி, புதிய முகவரி, பழையதை விடுவிக்க வேண்டும் என்ற கோரிக்கை ஆகிய நான்கையும் முதல் கடிதத்திலேயே தந்துவிட்டால் வீண் கடிதப் போக்குவரத்து மிச்சமாகும். வார இறுதியில் டொமைனை மாற்றத் திட்டமிடுபவர்கள் இந்தக் கடிதத்தை மட்டும் வார நாளிலேயே அனுப்பிவிடுவது நல்லது.