மண்டாய் தகனச்சாலையும் 'முழு பேக்கேஜும்': எதற்குக் கொடுக்கலாம், எதை வெட்டலாம்

சிங்கப்பூரில் ஓர் இந்துத் தமிழ்க் குடும்பத்தில் இறப்பு நேர்ந்தால் இரண்டு சேவைகளை நம்பியாக வேண்டும். ஒன்று, தேசிய சுற்றுப்புற வாரியம் நடத்தும் மண்டாய் தகனச்சாலை. இன்னொன்று, உடலை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் ஈமச்சடங்கு நிறுவனம். மண்டாயில் பெரியவர்களுக்குக் கட்டணம் 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 50 வெள்ளி. நிறுவனத்தின் பில் ஆயிரக்கணக்கில் வரும். 100 வெள்ளிச் சேவையில் குறை சொல்ல அதிகமில்லை. ஆயிரக்கணக்கில் கொடுக்கிற இடத்தில்தான் வரிக்கு வரி கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

முதலில் காகித வேலை. 2022 மே 29 முதல் மரணத்தைப் பதிய எங்கும் நேரில் போக வேண்டாம். மருத்துவர் இணையத்தில் சான்றளித்ததும் பதிவாகிவிடும். மின்னிலக்க மரணச் சான்றிதழை அரசாங்கத்தின் 'மை லெகசி' இணையத்தளத்தில் 30 நாளுக்குள் இறக்கிக்கொள்ள வேண்டும். பதினாறாம் நாள் முடியட்டும் என்று தள்ளிப்போடாமல் அன்றைக்கே இறக்கி, இரண்டு மூன்று பேர் கைப்பேசியில் சேமித்துவிடுங்கள். வங்கியிலிருந்து மசேநிதி (மத்திய சேம நிதி) வரை எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். வீட்டில் இறந்தவரின் இறப்புக்கான காரணத்தை மருத்துவரால் உறுதிசெய்ய முடியாவிட்டால் விவகாரம் மரண விசாரணை அதிகாரியிடம் போகும். உடல் கைக்கு வரும்வரை மண்டாயில் நேரம் குறிக்க வேண்டாம். உறவினருக்குச் சொல்லிவிட்டு நேரத்தை மாற்றுவது பெரிய சங்கடம்.

இனி பேக்கேஜ். பெட்டி, அமரர் ஊர்தி, உறவினருக்குப் பேருந்து, மேசை நாற்காலி, சடங்கு நடத்தும் பண்டாரம், சடங்குச் சாமான், உடல் பதப்படுத்தல் எல்லாம் ஒரே விலையில் வரும். விலையை ஏற்றுவது பெரும்பாலும் பெட்டிதான். தகனத்துக்குப் போகிற பெட்டி இரண்டு மணி நேரத்துக்குள் சாம்பலாகிவிடும். கனத்த மரமும் பித்தளைப் பிடியும் பார்வைக்கு மட்டுமே, எளிய பெட்டியே போதும். காலையில் உடல் வந்து மாலையிலேயே தகனம் என்றால் பதப்படுத்தல் அவசியந்தானா என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து பிள்ளை வர வேண்டும், இரவைத் தாண்டும் என்றால் அந்தச் செலவு நியாயம். நம் ஊர்ச் சூட்டில் அதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. பண்டாரத்தின் தட்சிணையும் எட்டாம் நாள், பதினாறாம் நாள் காரியமும் விலைக்குள் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பின்னால் வருகிற தகராறுகளில் பாதி இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் சடங்கு நடத்த நகர மன்ற அனுமதி வேண்டும். வழக்கமாக நிறுவனமே வாங்கித் தரும். அவர்கள் பார்க்கத் தவறுவது மின்தூக்கியை. பழைய புளோக்குகள் பலவற்றில் பெட்டி படுக்கைவாட்டில் உள்ளே நுழையாது. வீட்டுக்குள் வைத்துக் குளிப்பாட்ட வேண்டும் என்றால் உடலைத் தூக்குப்படுக்கையில் மேலே கொண்டுபோய், நல்லெண்ணெய், அரப்பு, மஞ்சள் நீர் எல்லாம் முடித்துக் கீழே இறக்கி, அங்கே பெட்டியில் வைக்க வேண்டியிருக்கும். மேலே ஏற்றி இறக்க எத்தனை ஆள் வருவார்கள் என்பதை முன்பே கேட்டுவிடுங்கள்.

எல்லாச் சடங்கையும் கீழ்த்தளத்திலேயே முடித்துவிடுவதுதான் எங்கள் பரிந்துரை. வாய்க்கரிசிக்கு நூறு பேர் வந்தாலும் ஒரு கிலோ பச்சரிசி போதும், கிள்ளிப் போடுவதுதானே. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பதைக் கூரைக்கு வெளியே, திறந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தாழ்ந்த கூரையின் கீழ் கரியும் புகையும் அப்பிக்கொள்ளும். கொள்ளிக்குடம் மண்குடமாக, புதிதாக, அதிகம் கனக்காததாக இருக்கட்டும். மகன் இடத்தோளில் வைத்து மூன்று சுற்று வருகிறார், சுற்றுக்கு ஒரு துளை. முக்கால் குடம் தண்ணீர் இருந்தால் மூன்றாவது சுற்று வரை ஒழுகும். விளிம்புவரை நிரப்பினால் முதல் சுற்றிலேயே வேட்டி நனைந்து, வழவழத் தரையில் கால் வழுக்கும். உடைந்த ஓட்டைப் பெருக்க ஒரு துடைப்பம் தயாராக இருக்கட்டும். வெறுங்காலோடு நிற்பவர்கள் அதிகம்.

எல்லாவற்றையும் கீழ்த்தளத்திலேயே ஏன் முடிக்கச் சொல்கிறோம் என்றால், மண்டாயில் நேரம் நேரம்தான். அடுத்த குடும்பம் வெளியே காத்திருக்கும். நெரிசலில் பேருந்து தாமதமானால் உங்கள் மண்டப நேரம்தான் குறையும். மண்டபத்தில் கடைசி வழிபாடு, ஒரு பதிகம், மலர் தூவல், அவ்வளவுதான் நிதானமாக முடியும். பிறகு பார்வைக்கூடத்துக்குப் போகிறோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தானியங்கி வண்டி பெட்டியை உலையை நோக்கி எடுத்துச் செல்லும். சில நிமிடக் காட்சிதான். மூத்தவர்களையும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களையும் முதலிலேயே முன்வரிசைக்கு அனுப்பிவிடுங்கள். பந்தல் வேலை ஆட்களைவிட இங்குள்ள ஊழியர்கள் அமைதியாகவும் ஒழுங்காகவும் நடந்துகொள்கிறார்கள் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும்.

பெட்டியை மூடுமுன் ஒருவர் உள்ளே பார்க்க வேண்டும். நெற்றிக்காசு, வாய்க்கரிசியோடு விழுந்த சில்லறை, மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், பிளாஸ்டிக் உறையோடு வந்த மாலை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். இதயத் துடிப்புக் கருவி பொருத்தியவர் என்றால் நிறுவனத்திடம் முதல் பேச்சிலேயே சொல்ல வேண்டும். அதிலுள்ள மின்கலம் உலைச் சூட்டில் வெடித்துச் செங்கல்லையே பெயர்க்கும்.

அஸ்தி எடுக்கப் போகும்போது பலர் எதிர்பார்ப்பது நீறு. தட்டில் இருப்பதோ வெளுத்த எலும்புத் துண்டுகள். பால் தெளித்துக் காடாற்றுகிற வழக்கம் உள்ளவர்கள் அதை முடித்துவிட்டு, அரைத்து வேண்டுமா, துண்டாகவே வேண்டுமா என்பதைச் சொல்லிவிடலாம். கடலில் கரைக்க ஒதுக்கிய இடம் செமாக்காவ் தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. நேரம் காலை 7 முதல் மாலை 7 வரை. படகில் காற்று முதுகில் படும்படி திரும்பி, கையைத் தண்ணீருக்கு அருகில் கொண்டுபோய் விடுங்கள். நின்றபடி உயரத்திலிருந்து தூவினால் சாம்பல் முகத்துக்கே திரும்பும். துணிப்பை, குடம், பிளாஸ்டிக் எதுவும் கடலில் போகக் கூடாது. 2021இல் சுவா சூ காங்கில் திறந்த அமைதிப் பூங்காவில் 320 வெள்ளிக்கு நிலத்தில் தூவலாம். ஆனால் அங்கே சமயச் சடங்குக்கு இடமில்லை. படையல், கற்பூரம் வேண்டும் என்கிற குடும்பத்துக்கு அது ஒத்துவராது.

புதைக்கும் வழக்கமுள்ள குடும்பங்களுக்கு இன்னும் திறந்திருப்பது சுவா சூ காங் இடுகாடு மட்டுமே. இந்துப் பகுதியில் பெரியவர்களுக்கு 940 வெள்ளி. 1998 முதல் புதைகுழிக்குத் தவணை 15 ஆண்டு. அதன்பின் தோண்டி எடுத்து, எஞ்சியதைத் தகனம் செய்வார்கள். அதனால் விண்ணப்பத்தில் வயதான துணைவரின் பெயருக்குப் பதில் பிள்ளை ஒருவரின் பெயரைப் போடுங்கள். வீடு மாறினால் முகவரியையும் மாற்றிக்கொடுங்கள். தோண்டும் அறிவிப்பு அந்த முகவரிக்குத்தான் வரும்.