படபடப்பைப் பிடிக்க எது: ஹோல்டரா, கைக்கடிகாரமா, லூப் ரெக்கார்டரா?

நெஞ்சு திடீரென்று படபடவென அடிக்கிறது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் அடங்கிவிடுகிறது. இ.சி.ஜி. நார்மல். பத்து விநாடிப் பதிவில் வேறென்ன தெரியும்? துடிப்பு தடுமாறும் நேரத்தில் கருவி உடம்பில் இருந்தாக வேண்டும். அதனால் கருவியின் விலையைப் பார்க்கும் முன், படபடப்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

தினமும் வந்தால், நாள் முழுக்க இ.சி.ஜி. பதியும் ஹோல்டர் கருவி போதும். 1940-களில் நார்மன் ஹோல்டர் உருவாக்கிய முதல் கருவியை மூட்டை போல முதுகில் சுமக்க வேண்டியிருந்தது, எடை சுமார் 38 கிலோ! இன்று இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி, நெஞ்சில் சில ஒயர்கள், 24 அல்லது 48 மணி நேரம். குளிக்க முடியாதது ஒரு தொல்லை. படபடத்த நேரத்தைக் குறித்து வைக்காவிட்டால் பாதிப் பயன் போச்சு. வாரம் ஒருமுறை வருபவர்களுக்கு 14 நாள் ஒட்டிக்கொள்ளும் பேட்ச் மேல்.

எப்போதாவது வந்து, சில நிமிடமாவது நீடித்தால் கைக்கடிகாரம் கைகொடுக்கும். விரலை வைத்தால் 30 விநாடியில் ஒற்றை லீட் இ.சி.ஜி., அதாவது ஒரே கோணத்தில் எடுத்த பதிவு, கிடைக்கும். ஆனால் மயங்கி விழுகிறவர் எங்கே விரல் வைப்பது? மாரடைப்பையும் அது சொல்லாது. ஆப்பிள் நிறுவனத்தின் ஆதரவுடன் 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில், துடிப்பு சீராக இல்லை என்று கைக்கடிகாரத்தின் எச்சரிக்கை வந்தது 0.52 சதவீதம் பேருக்குத்தான். அவர்களில் பிறகு பேட்ச் ஒட்டிப் பார்த்தவர்களில் 34 சதவீதம் பேரிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் தெரிந்தது; இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடித்து, ரத்தம் உறைந்து பக்கவாதம் வரை கொண்டுபோகக்கூடிய கோளாறு இது. மற்றவர்களுக்கு வந்ததெல்லாம் பொய் எச்சரிக்கை என்று தள்ளிவிட முடியாது; வந்து வந்து போகும் நோய்.

இதயத் துடிப்பைப் பதியும் சின்னக் கருவியான லூப் ரெக்கார்டரைத் தோலுக்கடியில் வைக்கிறார்கள். சின்னக் கீறல்தான், சில வருடம் கண்காணிக்கும். காரணம் தெரியாத மயக்கம், காரணம் தெரியாத பக்கவாதம் என்றால் என் ஓட்டு இதற்கே. 2014-இல் வெளியான கிரிஸ்டல் ஏ.எஃப். ஆய்வில், அத்தகைய பக்கவாத நோயாளிகளிடம் ஓராண்டில் இது 12.4 சதவீதம் பேரிடம் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைக் கண்டுபிடித்தது. வழக்கமான பரிசோதனையில் 2 சதவீதம்தான்.

சரி, தொந்தரவே இல்லாத பெரியவர்களுக்கும் வைத்துவிடலாமா? டென்மார்க்கில் வைத்துப் பார்த்தார்கள். 2021-இல் முடிவு வந்தது. கருவி வைக்காதவர்களைவிட, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் கண்டறியப்படுவதும் ரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பதும் சுமார் மூன்று மடங்கு கூடியும், பக்கவாதம் சொல்லும்படியாகக் குறையவில்லை.

ஓடும்போது மயங்கி விழுந்தவர், குடும்பத்தில் இள வயதில் திடீர் மரணம் கண்டவர் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் போட்டுக்கொண்டிருக்காமல் நேராக இதய மருத்துவரிடம் போய்விடுங்கள்.