காம்பு புண்ணுக்கு எது நல்லது: சொந்தப் பாலா, லனோலினா, தேங்காய் எண்ணெயா, சிலிக்கன் மூடியா

பிள்ளை பிறந்து நாலைஞ்சு நாளுக்குள்ள காம்பு வெடிச்சு, பிள்ளை வாயைத் திறந்தாலே நெஞ்சு பதறிற நிலைமைக்கு வந்த தங்கச்சிமார் எல்லாரும் கேக்கிறது ஒரே கேள்விதான், என்னத்தப் பூசிறது எண்டு. கனடாவில இருக்கிற சித்தி லனோலின் ரியூப் அனுப்பியிருப்பா, மாமி தேங்காய் எண்ணெய் போடு எண்டுவா, கிளினிக்கில மிட்வைஃப் மிஸ் உங்கட பாலையே தடவுங்கோ எண்டுவா, பக்கத்து வீட்டு அக்கா பால் குடுக்கேக்க காம்புக்கு மேல போடுற சிலிக்கன் மூடி ஒண்டு வாங்கி மாட்டினா நோகாது எண்டுவா. எல்லாரும் நல்ல மனசோடதான் சொல்லினம், ஆனா இது நாலும் ஒரே வேலை செய்யிற சாமான் இல்லை. அதால எது எதுக்கு உதவும், எங்கட வன்னி வெக்கைக்கும் கையில இருக்கிற காசுக்கும் எது சரிவரும் எண்டு பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பாப்பம்.

அதுக்கு முதல் ஒண்டு சொல்லவேணும், இதைச் சொல்லாமல் மற்றதைக் கதைச்சுப் பிரயோசனமில்லை. காம்பு புண்ணாகிறதுக்கு கனபேருக்குக் காரணம் பிள்ளை பிடிக்கிற விதம். பிள்ளை காம்பின்ர நுனியை மட்டும் பிடிச்சா நாக்குக்கும் மேல் அண்ணத்தின்ர கடினமான பகுதிக்கும் இடையில காம்பு நசியும், ஒவ்வொருக்காலும் நசிய நசிய தோல் வெடிக்கும். வடிவாப் பிடிச்சா காம்பு நல்லா உள்ள போய் அண்ணத்தின்ர மெத்தெண்ட இடத்துக்குக் கிட்ட நிக்கும், அங்க நசியாது. இதைக் கண்ணாலயே பாக்கலாம். பால் குடுத்து முடிஞ்சு பிள்ளை வாயை விட்ட உடன காம்பைப் பாருங்கோ, உருண்டையா முதல் இருந்த மாதிரியே வெளிய வந்தா நல்லது, பாவிச்ச லிப்ஸ்ரிக் முனை மாதிரி ஒரு பக்கம் சரிஞ்சு, குறுக்கால ஒரு வெள்ளைக் கோடும் விழுந்திருந்தா பிடி சரியில்லை. அந்தப் பிடியை மாத்தாமல் என்ன விலை கிறீம் பூசினாலும் அடுத்த ரெண்டு மணித்தியாலத்தில பிள்ளை திரும்பவும் அதே இடத்திலதான் நசிக்கப்போகுது.

பிடியைச் சரியாக்கிறது எப்படியெண்டா, பிள்ளையின்ர வயிறு உங்கட வயிறோட ஒட்டி இருக்கவேணும், தலையும் உடம்பும் ஒரே நேரா இருக்கவேணும், மூக்கு காம்புக்கு நேர வரவேணும். காம்பால மேல் சொண்டைத் தடவினா பிள்ளை கொட்டாவி விடுற அளவுக்கு வாயைத் திறக்கும், அந்த நேரம் பாத்து பிள்ளையைக் கிட்டக் கொண்டு வாங்கோ, நீங்கள் குனிஞ்சு மார்பைக் குடுக்கிறேல்ல. நாடி மார்பில முட்டி, கீழ்ச் சொண்டு வெளிய மடிஞ்சு, காம்பைச் சுத்தி இருக்கிற கருவட்டம் மேல் பக்கம் கூடவும் கீழ்ப் பக்கம் குறையவும் தெரிஞ்சா சரி. முதல் கொஞ்ச நேரம் நோகிறது இருக்கும், ஆனா குடிச்சு முடியுமட்டும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருக்கவேண்டி வந்தா அது சரியான பிடி இல்லை, சின்ன விரலை வாய்க்கரையால உள்ள விட்டு பிடியை எடுத்துப்போட்டு திரும்ப வையுங்கோ, இழுத்து மட்டும் எடுக்காதேங்கோ. சிசேரியன் செய்த ஆக்கள் பாயில சுவரோட சாஞ்சு இருக்கேக்க வெட்டின இடம் நோகுமெண்டு பிள்ளையைத் தள்ளிப் பிடிக்கிறவை, அவைக்கு சரிஞ்சு படுத்துக்கொண்டு குடுக்கிறது அல்லது பிள்ளையின்ர காலைப் பின்னால விட்டு கக்கத்துக்குக் கீழ பிடிக்கிறது சுகம்.

இனிப் பூசிற கதை. முதல் சொந்தப் பால். குடுத்து முடிய ரெண்டு மூண்டு சொட்டு பீச்சி காம்பிலயும் கருவட்டத்திலயும் தடவி அப்பிடியே காத்துப்பட விடுறது, அவ்வளவுதான். காசில்லை, நாவற்காட்டுக்குள்ள இருந்தாலும் கிடைக்கும், பிள்ளை குடிக்க முதல் துடைக்கத் தேவையில்லை. லேசுப்பட்ட வைத்தியம் எண்டு நினைக்காதேங்கோ. மருத்துவ ஆய்வுகளைச் சேத்து அலசிற கொக்ரேன் அமைப்பு 2014இல வெளியிட்ட மீளாய்வில 656 தாய்மாரை வைச்சுச் செய்த 4 ஆய்வுகளைச் சேத்துப் பாத்தவை. ஒண்டும் பூசாமல் விடுறதோ சொந்தப் பாலைத் தடவுறதோ லனோலின் மாதிரி களிம்புகளுக்குச் சமனா, சில வேளை அதைவிட நல்லா, அந்தக் கொஞ்ச நாளுக்கு உதவலாம் எண்டுதான் அதில முடிவு. எதைப் பூசினாலும் கனபேருக்கு 7 முதல் 10 நாளுக்குள்ள நோ குறைஞ்சு வந்ததெண்டும் அதில இருக்கு. அதால மூண்டாம் நாள் அழுதுகொண்டு இருக்கிற தங்கச்சிக்கு நான் முதல் சொல்லுறது இதைத்தான், இது இப்பிடியே இருக்கப்போறேல்ல. பாலின்ர குறை என்னெண்டா எங்கட சித்திரை வைகாசி வெக்கைக்கு வேர்வையும் பாலும் சேந்து உடுப்பு காம்போட ஒட்டிப்பிடிக்கும், பேந்து உடுப்பை எடுக்கேக்க காஞ்ச தோலும் சேந்து வரும். ஒட்டினா இழுக்காமல் கொதிச்சு ஆறின தண்ணியால நனைச்சு எடுங்கோ, ஈரமான துணியை உள்ள வைச்சுக்கொண்டு இருக்காதேங்கோ.

லனோலின் எண்டது செம்மறி ஆட்டு மயிரில இருந்து எடுக்கிற மெழுகு, அதைச் சுத்தமாக்கி ரியூபில அடைக்கினம். இதின்ர பலன் வெடிப்பு ஆழமா இருக்கேக்க தெரியும். வெடிச்ச தோல் காஞ்சு பொருக்குக் கட்டி, பிள்ளை குடிக்கேக்க அந்தப் பொருக்கு பிஞ்சு திரும்ப ரத்தம் வாறதுதான் பெரிய கரைச்சல், லனோலின் ஈரத்தை உள்ள பிடிச்சு வைச்சிருக்கிறதால பொருக்குக் கட்டாமல் ஆறும், உடுப்பும் ஒட்டாது. பச்சைப் பயறு அளவு எடுத்து விரலால தேய்ச்சு இளக்கிப்போட்டு ஒத்தி வையுங்கோ, தேய்க்காதேங்கோ. துடைக்காமலே பால் குடுக்கலாம், ஆனா அள்ளிப் பூசினா காம்பு வழுக்கி பிள்ளைக்குப் பிடிக்க ஏலாமல் போகும், பேந்து நுனியைத்தான் பிடிக்கும். கம்பளி ஒத்துக்கொள்ளாத ஆக்களுக்கு கடியும் சிவப்பும் வரும், அப்பிடி வந்தா உடன நிப்பாட்டவேணும். தகரக் கூரை வீட்டில மத்தியானம் ரியூப் இளகித் தண்ணியாப் போகும், மண்பானைக்குப் பக்கத்தில நிழலா வையுங்கோ. வெளிநாட்டில இருந்து வந்த ரியூப் எண்டா முடிவுத் திகதியையும், லனோலின் மட்டும்தான் போட்டிருக்கோ வேற வாசம் கீசம் கலந்திருக்கோ எண்டும் பாருங்கோ. அனுப்ப ஆள் இல்லையெண்டா கவலைப்படத் தேவையில்லை, துணுக்காயில இருந்து வவுனியாவுக்கு பஸ் ஏறி தேடி வாங்கிற அளவுக்கு இது அவசியமான சாமான் இல்லை. சொந்தப் பாலால ஆறாததை லனோலின் கட்டாயம் ஆத்தும் எண்டு ஒருத்தரும் காட்டேல்ல.

தேங்காய் எண்ணெய் இந்த ரெண்டுக்கும் நடுவில நிக்குது. எங்கட வீட்டுச் சாமான், ஆட்டின எண்ணெய் எப்பவும் இருக்கும், தோல் காஞ்சு இழுக்கிற மாதிரி இருக்கிறவைக்கு நல்ல சுகம் தரும். ஆனா வெக்கைக்கு நிக்காது, வழிஞ்சு உடுப்பில போகும், ஆழமான வெடிப்பில லனோலின் நிக்கிற மாதிரி நிக்காது. மாமிமார் சொல்லுறதை நான் தட்டிக் கழிக்கேல்ல, ஆனா எந்தப் போத்தல் எண்டதில கவனம் வேணும். தலைக்கு வைக்கிற வாசம் போட்ட எண்ணெய் வேண்டாம், குசினியில எல்லாரும் கை விடுற போத்தலும் வேண்டாம், பொரிச்ச எண்ணெய் எண்டா கதைக்கவே வேண்டாம். அவிச்சுக் காய வைச்ச சின்னப் போத்தல் ஒண்டில புது எண்ணெய் கொஞ்சம் புறம்பா எடுத்து வைச்சு, சோப் போட்டுக் கழுவின கையால ஒரு சொட்டுப் போடுங்கோ. காசும் இல்லை, பால் தடவினாலும் காஞ்சு வெடிக்குது எண்டா இது சரியான தெரிவு.

பூசக்கூடாதது எண்டு வந்தா முதல் தேன். ஒரு வயசுக்குக் குறைஞ்ச பிள்ளையின்ர வாயில தேன் படவே கூடாது, அதில இருக்கக்கூடிய ஒரு கிருமி குடலுக்குள்ள வளந்து பொட்டுலிசம் எண்ட வருத்தத்தைக் குடுக்கும், பிள்ளையின்ர உடம்பு சோந்து மூச்சு விடவும் கஷ்டப்படும். காட்டுத்தேன் சுத்தமானது தானே எண்டு எங்கட பக்கம் கனபேர் சொல்லுறவை, சுத்தமெண்டாலும் பிள்ளைக்குக் கூடாது. மஞ்சள் தூள், தைலம், டெற்றோல் இதுகளும் வேண்டாம், பிள்ளை அதைத்தான் விழுங்கப்போகுது. காம்புக்கு சோப்பும் வேண்டாம், கருவட்டத்தில இருக்கிற சின்னச் சின்னப் புடைப்புகள் தானே எண்ணெய் சுரந்து தோலைப் பாதுகாக்குது, சோப் அதைக் கழுவிப்போடும். குளிக்கேக்க தண்ணி பட்டாலே காணும்.

நோவைக் குறைக்க எண்டு மட்டும் பாத்தா இளஞ்சூட்டுத் துணி நல்லது, கொதிச்சு ஆறின தண்ணியில சுத்தமான துணியை நனைச்சுப் பிழிஞ்சு கொஞ்ச நேரம் வைச்சுப்போட்டு ஒத்தி எடுங்கோ. ஹைட்ரோஜெல் பாட் எண்டு குளிர்ச்சியா ஒண்டு இருக்கு, வைச்ச உடன நல்ல ஆறுதல், ஆனா விலை, எங்கட வேர்வைக்கு ஒவ்வொருக்காலும் சுத்தமா வைச்சிருக்கிறதும் பாடு, எனக்கு அதில பெரிய விருப்பமில்லை. நோ தாங்க ஏலாட்டி பால் குடுக்கிறதுக்கு அரை மணித்தியாலம் முதல் பரசிற்றமோல் அளவோட போடலாம், பால் குடுக்கிற தாய்க்கு அது பிரச்சினை இல்லை.

அடுத்தது சிலிக்கன் மூடியா, கையால பீச்சிக் கோப்பையால குடுக்கிறதா. மூடி போட்டா நோ உடன குறையும், அதால ஆசைப்படுறது விளங்குது. ஆனா அளவு சரியில்லாட்டி அதுவே நசிக்கும், சில பிள்ளையளுக்கு பால் குறையப் போகும், பிள்ளையின்ர நிறையைப் பாத்துக்கொண்டு இருக்கவேணும், ஒவ்வொரு தரமும் கழுவி அவிக்கவேணும், பேந்து அதில பழகின பிள்ளையை வெறும் காம்புக்குக் கொண்டு வாறதும் ஒரு வேலை. மிட்வைஃப் மிஸ் பாத்துச் சொல்லாமல் நீங்களா வாங்கி மாட்டாதேங்கோ. தொடவே ஏலாத அளவு புண் எண்டா அந்தப் பக்கத்துக்கு அரை நாள் ஒரு நாள் ஓய்வு குடுத்து, நேரத்துக்கு நேரம் கையால பீச்சி சின்னக் கோப்பையால குடுக்கிறதை நான் நல்லதெண்டு சொல்லுவன், புண்ணும் ஆறும், பாலும் கட்டாது. பிள்ளையை நிமித்தி இருத்தி, கோப்பையின்ர விளிம்பை கீழ்ச் சொண்டில வைச்சா அது தானா நக்கி உறிஞ்சும், வாய்க்குள்ள ஊத்தக்கூடாது. பீச்சின பால் 25 பாகைச் சூட்டில 4 மணித்தியாலம் வரைக்கும் நிக்கும் எண்டு சொல்லுறது, எங்கட பகல் அதைவிடக் கூட, அதால பிறிஜ் இல்லாத வீட்டில ஒரு நேரத்துக்குத் தேவையானதை மட்டும் பீச்சி அப்பவே குடுத்து முடியுங்கோ.

என்னைக் கேட்டா பிடியை மாத்திறதும் சொந்தப் பாலும் எல்லாருக்கும், வெடிப்பு ஆழமா இருந்தா ராவில லனோலின், அது இல்லாட்டி தேங்காய் எண்ணெய், மூடி கடைசியா. நோ குறைஞ்ச பக்கத்தில முதல் குடுக்கத் தொடங்குங்கோ, பசியோட வாற பிள்ளை முதல் பக்கத்தைத்தான் பலமா இழுக்கும். வெடிப்பில இருந்து வந்த ரத்தத்தைப் பிள்ளை விழுங்கிப்போட்டுதே, சத்தியில சிவப்பா வந்துதே எண்டு பயந்து பாலை நிப்பாட்டினவையும் இருக்கினம், தாயின்ர அந்தக் கொஞ்ச ரத்தம் பிள்ளைக்கு ஒண்டும் செய்யாது.

ஆனா இந்தச் சாமான் ஒண்டும் சரிவராத நிலைமைகள் இருக்கு. ஆறி வந்த காம்பு திடீரெண்டு திரும்ப எரியத் தொடங்கி, தோல் மினுங்கி, பிள்ளையின்ர கன்னத்துக்கு உள்பக்கம் துடைச்சாலும் போகாத வெள்ளை இருந்தா அது பூஞ்சணம், தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே நேரத்தில டொக்ரர் மருந்து தரவேணும், ஒராளுக்கு மட்டும் போட்டா மற்ற ஆளிட்ட இருந்து திரும்ப வரும். முந்தி வாயில தடவின ஊதா மருந்தை (ஜென்சியன் வயலற்) தேடாதேங்கோ, புற்றுநோய் ஆபத்து பற்றி 2019இல கனடா சுகாதாரத் திணைக்களமே எச்சரிச்சிருக்கு. வெடிப்பில சீழோ மஞ்சள் பொருக்கோ வந்தாலும் காட்டவேணும். காய்ச்சலும் குளிரும் வந்து மார்பில ஒரு பக்கம் கட்டியா சிவந்து கொதிச்சா அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, அந்த நேரமும் பால் குடுக்கிறதை நிப்பாட்டாதேங்கோ, நிப்பாட்டினா கட்டு இன்னும் கூடும். பிடியை எவ்வளவு மாத்தியும் நுனியையே பிடிக்குது எண்டா பிள்ளையின்ர நாக்குக்குக் கீழ உள்ள சவ்வு இறுகி நாக்கு வெளிய வர ஏலாமல் இருக்கோ எண்டும் பாக்கச் சொல்லுங்கோ.

பிள்ளை பிறந்து முதல் 10 நாளுக்குள்ள மிட்வைஃப் மிஸ் ரெண்டு தரம் வீட்டுக்கு வரவேணும் எண்டது நடைமுறை. வந்தா பிள்ளையின்ர நிறையையும் தொப்புளையும் காட்டிப்போட்டு அனுப்பாதேங்கோ, அவவுக்கு முன்னால இருந்து பால் குடுத்துக் காட்டுங்கோ, வெக்கம் வேண்டாம், பிடியை நேர பாத்தாத்தான் அவவுக்கும் திருத்த ஏலும். மாரி மழைக்கு றோட் வெள்ளமாகி அவ வரப் பிந்தினா ஃபோன் எடுத்துக் கேளுங்கோ, நம்பரை ஆஸ்பத்திரிக்குப் போக முதலே வாங்கி வீட்டுக்காரரின்ர ஃபோனிலயும் போட்டு வையுங்கோ.