ஆழத்துப் பச்சை அடுக்கைக் கண்டுபிடிக்க எது நம்பகமானது: வெப்பநிலையா, ஒளியா, நைட்ரேட்டா?

வெப்பமண்டல நடுக்கடலில் மேல்நீர் தெளிந்த நீலமாக இருக்கும். மிதக்கும் நுண்பாசிகளான பைட்டோபிளாங்க்டனின் பச்சையம் திரண்டிருப்பது கீழே. ஹவாய்க்கு வடக்கே உள்ள அலோஹா ஆய்வு நிலையத்தில் அந்த அடுக்கு 100 முதல் 125 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. செயற்கைக்கோளின் பார்வை அவ்வளவு தூரம் இறங்காது. அதனால் வேறு அளவீடு எதையாவது வைத்துத்தான் அதன் ஆழத்தைக் கணிக்க வேண்டும்.

எல்லோரும் முதலில் கையில் எடுப்பது வெப்பநிலை. காரணம் எளிது: கடலில் தானாக மூழ்கி எழுந்து அளவெடுக்கும் ஆர்கோ மிதவைகள் அத்தனையும் அதை அளக்கின்றன, பச்சையத்தையும் பைட்டோபிளாங்க்டனுக்குச் சத்தான நைட்ரேட்டையும் அளப்பவை கொஞ்சம்தான். 10 மீட்டர் ஆழத்து வெப்பநிலையிலிருந்து 0.2 டிகிரி எங்கே குறைகிறதோ, அங்கே கலப்படுக்கு, அதாவது காற்று ஒன்றாகக் கலக்கிவைத்த மேல்நீர், முடிகிறது என்பது வழக்கமான கணக்கு. அதற்குக் கீழே குளிர்ந்த, அடர்ந்த நீர். காற்று எவ்வளவு கலக்கினாலும் அங்கிருக்கும் சத்து சுலபத்தில் மேலே வராது.

இதுவரை சரி. ஆனால் பச்சை அடுக்கு அந்த விளிம்பிலேயே இருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அலோஹாவில் கோடைக் கலப்படுக்கு சுமார் 50 மீட்டரில் முடிந்துவிடுகிறது. பச்சை அதற்கும் இரு மடங்கு ஆழத்தில். வங்காள விரிகுடாவில் சிக்கல் இன்னும் பெரிது. ஆற்று நீரும் மழை நீரும் உப்புநீரின் மேல் மிதப்பதால், வெப்பநிலை மாறாத இடத்திலேயே அடர்த்தி மாறிவிடுகிறது. வெப்பநிலையை மட்டும் பார்ப்பவர் கலப்படுக்கை உள்ளதைவிட ஆழமாகக் கணக்கிட்டுவிடுவார். அங்கே உப்பையும் சேர்த்து அடர்த்தியைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஒளி. அலோஹாவில் பச்சை அடுக்கு கோடையில் கீழே இறங்குகிறது, குளிர்காலத்தில் மேலே ஏறுகிறது. வெயில் எட்டும் ஆழத்தோடு அதுவும் நகர்கிறது. பருவக் கணக்குக்கு ஒளியை மிஞ்ச எதுவும் இல்லை என்பேன். ஆனால் ஒரே நாளுக்குள் பார்த்தால் கதை வேறு. கடலுக்குள்ளேயே எழும் உள்ளலைகள் நீரை மேலும் கீழுமாகத் தூக்கிப்போடும்போது, செல்களும் அந்த நீரோடுதான் போகும். ஒளி கூடினாலும் குறைந்தாலும் அவை அதே அடர்த்தி கொண்ட நீர்த்தளத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே அடுக்கு, மணிக்கணக்கில் அடர்த்திக்கும் மாதக்கணக்கில் வெயிலுக்கும் கட்டுப்படுகிறது. இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

நைட்ரேட் காரணத்துக்கு மிக அருகில் இருக்கிறது. அது கூடத் தொடங்கும் ஆழத்தை ஒட்டியே பச்சையும் திரளும். அளவீடு கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

என் தேர்வு இது: சில நாள் ஆய்வுக்கு அடர்த்தி, ஆண்டு முழுவதற்கும் ஒளி. வெப்பநிலை மட்டும்தான் கையில் இருக்கிறதென்றால், நீர் அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம். அப்புறம், பச்சை மிகுந்த ஆழத்தில் உயிர்ப்பொருளும் மிகுதி என்று எண்ணிவிடக் கூடாது. மங்கலான ஒளியில் ஒவ்வொரு செல்லும் கூடுதல் பச்சையத்தைச் சேர்த்துக்கொள்கிறது. சத்துக் குறைந்த கடல்களில் உயிர்ப்பொருளைக் காட்டும் கார்பனின் உச்சம் பெரும்பாலும் அதற்கு மேலேயே இருக்கும். அதனால் பச்சையத்தை அளக்கும்போதே உயிர்ப்பொருளைக் கணிக்க உதவும் துகள்களின் ஒளிச்சிதறலையும் சேர்த்து அளப்பது நல்லது.