மதுரை லேப்களின் ‘பி.பி. பேக்கேஜ்’: எதற்குக் காசு கொடுக்கலாம், எது வீண்

கோரிப்பாளையம், பெரியாஸ்பத்திரி சுற்றுவட்டாரத்திலும் கே.கே. நகர், அண்ணா நகர் பக்கமும் ரத்தக்கொதிப்புக்காரர்களுக்கென்றே தனி பேக்கேஜ் போட்டு விற்கும் லேப்கள் பெருகிவிட்டன. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப்போகும் ஒரு லேப்பின் பேக்கேஜை இங்கே எடுத்துக்கொள்கிறோம். பெயர் தேவையில்லை. இரண்டாயிரம் ரூபாயை ஒட்டிய விலை, ‘அறுபதுக்கு மேல் டெஸ்ட்’ என்ற விளம்பரம்.

முதலில் அந்த அறுபதைப் பார்ப்போம். சி.பி.சி. என்ற ரத்த அணு எண்ணிக்கை டெஸ்டில், ஒரே குழாய் ரத்தத்தில் வரும் இருபதுக்கு மேற்பட்ட வரிகளையும் தனித்தனி டெஸ்டாக எண்ணியிருக்கிறார்கள். கல்லீரல் டெஸ்டில் ஒரு பத்து, சிறுநீர் முழுப் பரிசோதனையில் இன்னும் பத்துக்கு மேல். இவற்றையெல்லாம் ஒதுக்கினால் பி.பி.க்காரருக்கு உண்மையில் வேண்டியவை: கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு), சோடியம், பொட்டாசியம், கொழுப்பு, சர்க்கரை. இந்த ஐந்தும் பேக்கேஜில் இருக்கின்றன, அதுவரை சரி. கூடவே வைட்டமின் டி, தைராய்டு, ஹோமோசிஸ்டீன் (மாரடைப்போடு தொடர்புபடுத்தப்படும் ஒரு ரத்தப் பொருள்), எச்.எஸ்.சி.ஆர்.பி. (உடம்பில் உள்ள அழற்சியைக் காட்டும் அளவு) என்று சேர்த்திருக்கிறார்கள். ஆனால் ரத்தக்குழாய்க்கு என்ன ஆகியிருக்கிறது என்று சீக்கிரமே காட்டிக்கொடுக்கும் டெஸ்ட் இதில் இல்லை.

அது சிறுநீரில் ஆல்புமின்–கிரியேட்டினின் விகிதம், சுருக்கமாக ஏ.சி.ஆர். ரத்தக்குழாயின் உட்பூச்சு ஒரே ஒரு செல் தடிமன்தான். வருடக்கணக்கில் அழுத்தம் கூடுதலாக இருந்தால் அந்தப் பூச்சு கெடுகிறது. உடம்பெங்கும் இது நடந்தாலும், வெளியிலிருந்து சுலபமாக அளக்க முடிகிற இடம் சிறுநீரகத்தின் நுண்குழாய்கள். அங்கே ஆல்புமின் என்ற புரதம் கசிய ஆரம்பிக்கும். ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது. 30 முதல் 300 வரை கசிவு தொடங்கிவிட்டது. 300க்கு மேல் கடுமை. இந்தப் பேக்கேஜில் உள்ள சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையில் சோதனைப் பட்டையை நனைத்துத்தான் புரதம் பார்க்கிறார்கள். நடுக் கட்டத்தில் இருக்கும் பெரும்பாலோரின் கசிவு அந்தப் பட்டைக்குத் தெரியாது. ரிப்போர்ட்டில் ‘புரதம்: இல்லை’ என்று வரும், ஆளும் நிம்மதியாகிவிடுவார். விலை அதிகமில்லாத, காலை முதல் சிறுநீர் ஒரு டப்பாவில் கொடுத்தால் போதுமான டெஸ்ட் இது. காய்ச்சல், நீர்க்கடுப்பு, மாதவிடாய், முந்தின நாள் கடும் உடற்பயிற்சி இருந்தால் மட்டும் தள்ளிப்போட வேண்டும். ஒரு தடவை கூடினால் முடிவு கட்டக்கூடாது. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை பார்த்து இரண்டில் கூடியிருந்தால்தான் கணக்கு. கசிவு உறுதியானால் டாக்டர் டெல்மிசார்டன், ராமிப்ரில் வகை பி.பி. மாத்திரைக்கு முதலிடம் கொடுப்பார். மாத்திரைச் சீட்டையே மாற்றக்கூடிய டெஸ்டை விட்டுவிட்டு வைட்டமின் டி வைத்திருப்பது பெரிய குறை.

கிரியேட்டினின் விஷயத்தில் மதுரைக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஞாயிறு ராத்திரி கறிதோசையும் சுக்காவும் சாப்பிட்டுவிட்டு திங்கள் விடியலில் ரத்தம் கொடுத்தால் கிரியேட்டினின் கூடித் தெரியும், அதிலிருந்து கணக்கிடும் சிறுநீரக வடிகட்டும் திறன், அதாவது இ.ஜி.எஃப்.ஆர்., குறைந்து தெரியும். சமைத்த கறியிலேயே கிரியேட்டினின் இருப்பதுதான் காரணம். குறைந்தது 12 மணி நேரம் கறி வேண்டாம். ‘10 மணி நேரம் வெறும் வயிறு’ என்று லேப் அனுப்பும் குறுஞ்செய்தியில் இது இல்லை. இன்னொன்றும் இல்லை: பி.பி. மாத்திரையை என்ன செய்வது? வெறும் வயிறு என்றதும் அதையும் விட்டுவிடுபவர்கள் ஏராளம். டாக்டர் வேறு மாதிரி சொல்லாதவரை தண்ணீரோடு வழக்கம்போல் போட்டுக்கொள்ளலாம். சாப்பாட்டோடு சேர்த்துத் தள்ளிப்போட வேண்டியவை சர்க்கரை மாத்திரையும் சாப்பாட்டு நேர இன்சுலினும்.

ரத்தம் எடுத்த விதத்தில் பாதி பாராட்டு, பாதி குறை. ஊசியின் சீலைக் கண்முன்னே பிரித்தார்கள். மஞ்சள் மூடி, ஊதா மூடி, சாம்பல் மூடி என்ற சரியான வரிசையில் நிரப்பினார்கள், அங்கேயே பெயர் எழுதி ஒட்டினார்கள். இந்த வரிசை முக்கியம். ஊதா மூடிக் குழாயில் பொட்டாசியம் கலந்த மருந்து இருக்கிறது. அது மஞ்சள் குழாய்க்குள் துளி போனாலும் பொட்டாசியம் ஏறி, கால்சியம் இறங்கிக் காட்டும். ஆனால் நரம்பு தெரியவில்லை என்று கையில் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு ‘கையை மூடி மூடித் திறங்க’ என்றார்கள். அதைச் செய்யக்கூடாது. முஷ்டி மடக்கித் திறந்தாலே பொட்டாசியம் கூடும். பட்டையும் ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது.

அதைவிடப் பெரிய பிரச்சினை பயணத்தில். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் எடுக்கும் ரத்தம் பைக்கில் மதுரைக்கு வருகிறது. மஞ்சள் குழாயை அரை மணி நேரம் உறையவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் மெஷினில் சுழற்றி, தெளிந்த நீரான சீரத்தைப் பிரித்துவிட வேண்டும். பிரிக்காத ரத்தத்தை ஐஸ் ஜெல்லோடு ஒட்டிவைத்தால் செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். பிரிக்காமல் வெளியே வைத்திருந்தாலே சர்க்கரை மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை இறங்கும், அதைக் குறைக்கத்தான் சாம்பல் மூடிக் குழாய். டெல்மிசார்டனோடு, பொட்டாசியத்தைத் தேக்கும் ஸ்பைரனோலாக்டோன் மாத்திரையும் போடுபவர், தினமும் இளநீர் குடிப்பவர், ‘லோ சோடியம்’ உப்பு வாங்குபவர் இவர்களுக்கெல்லாம் பொட்டாசியம் நிஜமாகவே ஏறக்கூடும். அந்த உப்பில் சோடியத்துக்குப் பதில் இருப்பதே பொட்டாசியம்தான். சிறுநீரைக் கூட்டும் குளோர்தாலிடோன் மாத்திரை போடுபவருக்கோ இறங்கும். இப்படிப்பட்டவர்கள் வீட்டில் கொடுக்காமல் நேரே லேப்புக்குப் போவதே மேல். இந்த மாத்திரைகளைத் தொடங்கி ஒன்றிரண்டு வாரத்தில் பொட்டாசியமும் கிரியேட்டினினும் ஒருமுறை பார்த்தாக வேண்டும். வருடாந்திரப் பேக்கேஜ் அந்த வேலைக்கு ஆகாது.

ஹோமோசிஸ்டீனை வீட்டு சாம்பிளில் பார்ப்பதில் நம்பிக்கை வைக்க முடியாது. பிரிக்காத ரத்தத்தில் மணிக்கு மணி ஏறும் பொருள் அது. உடனே ஐஸில் வைத்து, சீக்கிரம் சுழற்ற வேண்டும். பி12 குறைந்த சைவக்காரருக்கு எப்படியும் கூடுதலாக வரும். வைட்டமின் கொடுத்து அதைக் குறைத்தும் மாரடைப்பு குறையவில்லை என்று பெரிய ஆய்வுகள் காட்டிவிட்டன. எச்.எஸ்.சி.ஆர்.பி. 1க்குக் கீழ் நல்லது, 3க்கு மேல் கவனிக்கணும். 10ஐத் தாண்டினால் அது பெரும்பாலும் சளி, காய்ச்சல், பல் வீக்கம். இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டியது. இந்த ரிப்போர்ட்டில் அந்தக் குறிப்பே இல்லை, சிவப்பு எழுத்து மட்டும்தான். இவ்விரண்டுக்கும் போகிற காசில் லிப்போபுரோட்டீன்(ஏ) பார்த்திருக்கலாம். பரம்பரையாக வரும் அளவு அது, ஆயுளுக்கு ஒருமுறை பார்த்தாலே போதும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் கெட்ட கொழுப்பை இன்னும் கண்டிப்பாகக் குறைக்க வேண்டும்.

மூன்று மாத்திரை போட்டும் பி.பி. அடங்காதவர், பொட்டாசியம் தானாகக் குறைபவர் பி.பி.யை ஏற்றும் ஹார்மோன் கோளாறைக் காட்டும் ஆல்டோஸ்டீரோன்–ரெனின் விகிதம் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். விடியற்காலை வீட்டு சாம்பிள் அதற்குச் சரிவராது: எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடிவிட்டு, சற்று உட்கார்ந்தபின் எடுக்க வேண்டும்.

கூடுதல் கட்டணத்தில் ‘ரத்தக்குழாய் வயது’ என்று நான்கு பட்டை மெஷின் ஒன்றும் சொல்கிறார்கள். இரண்டு கை, இரண்டு கணுக்காலில் பட்டை கட்டி அளப்பது. கணுக்கால்–கை விகிதம் 0.9 அல்லது அதற்குக் கீழ் வந்தால் காலுக்குப் போகும் குழாயில் அடைப்பு என்று நம்பலாம். நடந்தால் கெண்டைக்கால் வலிப்பவர், புகைப்பவர், சர்க்கரைக்காரர் இதை எடுக்கலாம். ‘வயது’ சொல்ல இந்த மெஷின் அளக்கும் நாடி அலை வேகம் அந்த நேரத்து பி.பி.யோடு ஏறி இறங்கும் என்பதால், காபி குடித்துவிட்டு மாடியேறி வந்து எடுத்தால் ‘வயது’ பத்து வருடம் கூடினாலும் ஆச்சரியமில்லை. ஐந்து நிமிடம் படுத்திருந்த பிறகே எடுக்கச் சொல்லுங்கள்.

ரத்தக்குழாய் நலத்தைக் காட்டும் என்று ஆன்லைனில் விற்கும் நைட்ரிக் ஆக்சைடு எச்சில் சோதனைப் பட்டைகளை வாங்க வேண்டாம். ரத்தக்குழாயை விரியவைப்பது நைட்ரிக் ஆக்சைடு என்பது உண்மை. அந்தக் கண்டுபிடிப்புக்கு 1998இல் நோபல் பரிசே கிடைத்தது. ஆனால் பட்டை காட்டுவது எச்சிலில் உள்ள நைட்ரைட்டை. கீரையோ பீட்ரூட்டோ சாப்பிட்டால் அது கூடும், மவுத்வாஷ் கொப்பளித்தால் குறையும்.

ஆக, இந்தப் பேக்கேஜ் வேண்டாம். அந்த ஐந்து ரத்த டெஸ்டோடு ஏ.சி.ஆர்., ஒரு இ.சி.ஜி. தனித்தனியாகக் கேட்டாலே செலவு குறையும். பெரியாஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அடிப்படை டெஸ்டுகள் இலவசம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக வீட்டிலேயே மாத்திரை வாங்குபவர்கள் அட்டையோடு போய்க் கேட்கலாம். தனியார் லேப் என்றால் போனில் மூன்று கேள்வி: சாம்பிளை எங்கே, எத்தனை மணி நேரத்தில் சுழற்றுகிறீர்கள்? ஏ.சி.ஆர். உண்டா? இந்த டெஸ்டுக்கு என்.ஏ.பி.எல். (லேப்களின் தரத்தைப் பார்க்கும் தேசிய அமைப்பு) அங்கீகாரம் இருக்கிறதா? அங்கீகாரம் லேப்புக்கு மொத்தமாகக் கிடைப்பதில்லை, டெஸ்ட் வாரியாகக் கிடைப்பது, பட்டியலை என்.ஏ.பி.எல். இணையதளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.