மூன்ஃபேஸ் வாட்ச்: இரவில் தொடக்கூடாத நிலா

தேதி, கிழமை, மாதம், வளர்ந்து தேயும் நிலா (அதுதான் மூன்ஃபேஸ்) நான்கையும் காட்டும், கை அசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக் வாட்சைப் பல வருடமாகக் கட்டுகிறேன். தீராத எரிச்சல் ஒன்றுதான். முழுநிலா மொட்டைமாடிக்கு மேலே நிற்கும்போதுதான் டயலில் இருக்கும் நிலாவைச் சரிசெய்யக் கை பரபரக்கும். ஆனால் அப்போதுதான் தொடவே கூடாது. இரவு 9 மணி வாக்கில், தேதியை மாற்றுவதற்காக வாட்சுக்குள் நாள்காட்டிச் சக்கரங்களின் பற்கள் கோத்துக்கொள்கின்றன, விடிகாலை 3 மணி வாக்கில்தான் விலகுகின்றன. இடையில், நிலாவைத் திருத்தும் பக்கவாட்டுக் குழிப் பொத்தானை ஊசியால் அழுத்தினால் பல் உடையலாம்.

அதனால் எல்லாம் மறுநாள் காலைக்குத்தான். முள்ளை முன்னோக்கிச் சுற்றித் தேதி மாறுவதைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் அது காலையா மாலையா என்று தெரியும். அப்படியே காலை 6 மணி தாண்டும்வரை கொண்டுபோய் நிறுத்திவிட்டு, தேதி, கிழமை, மாதம் வைத்து, கடைசியாக நிலா. நிலாவை ஜன்னலின் நடுவில் நிறுத்தி, பௌர்ணமி கழிந்து எத்தனை நாளோ அத்தனை அழுத்தல். இதற்கு நாள்காட்டித் தாளே போதும். பௌர்ணமித் திதி முடிவதாகப் போட்டிருக்கும் நேரம்தான் சூரியனுக்கு நேர் எதிரே நிலா வரும் கணம்.

மாதக் கணக்கில் கழற்றாமல் கட்டினாலும் பிசகும். நிலாத் தட்டில் 59 பல், இரண்டு நிலாப் படம். நாளுக்கு ஒரு பல் நகரும். ஆக ஒரு நிலாவுக்கு 29.5 நாள். வானத்து நிலாவுக்குச் சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம். அந்த 44 நிமிடம் சேர்ந்து, ஏறத்தாழ 2 வருடம் 7 மாதத்தில் வாட்ச் ஒரு நாள் முந்திவிடுகிறது. பொத்தானில் பின்னோக்கிப் போக வழியில்லை. ஒரு நாள் வாட்சை ஓடவிடாமல் வைத்து, தேதியையும் கிழமையையும் மட்டும் தள்ளிவிடுவதுதான் சுலபம். 135 பல் வைத்த விலையுயர்ந்தவற்றில் இந்தப் பிழை ஒரு நாளாகச் சேர 122 வருடம் ஆகும்.

சமீபத்தில் சர்வீஸ் முடிந்து வந்தபோது ஓட்டம் அருமை, ஆனால் நிலா நாலைந்து நாள் தள்ளி நின்றது. கேட்டேன். "அது சும்மா அழகுக்குத்தான் சார்" என்றார்கள். கோபம் இன்னும் ஆறவில்லை. நான் காசு கொடுத்ததே அந்த நிலாவுக்குத்தான்.

ஏனென்றால் அதைச் சரிபார்க்கத்தான் வானத்தைப் பார்க்கப் பழகினேன். மூன்றாம் பிறை நம் ஊரில் படகு மாதிரி படுத்திருக்கும். டயலில் அது வலப்பக்கம் ஒளிர நிமிர்ந்து நிற்கும், வடக்கே வெகுதூரத்தில் ஐரோப்பாவில் தெரிகிற நிலாவுக்குச் சற்றுப் பக்கமாக. இந்த வித்தியாசத்தை வாட்ச் இல்லாமல் நான் கவனித்திருக்கவே மாட்டேன். இத்தனை சந்தோஷத்தை வேறெந்த வாட்சும் எனக்குத் தந்ததில்லை.

ஆனாலும் கேட்கும் நண்பர்களுக்கு என் பதில்: இதை வாங்காதீர்கள். ஏறக்குறைய 40 மணி நேரம் கழற்றி வைத்தால் நின்றுவிடும், நான்கையும் மறுபடி வைக்க வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தாலும் 31 நாள் இல்லாத மாதங்கள் ஐந்து, அந்த ஐந்து முறையும் தேதியைக் கையால் தள்ள வேண்டும். நிலா மட்டும் இருக்கும், அதையும் க்ரௌனிலேயே (முள்ளைத் திருப்பும் பக்கவாட்டுத் திருகிலேயே) திருத்த முடிகிற வாட்சாகப் பாருங்கள். என்னுடையதை விற்கச் சொன்னால் மாட்டேன்.